செபதேயுவின் படகு

கானாவில் முதலில் கண்ணில் படுவது திராட்சை ரசக் கடைகள்தான். கஃபர் கன்னா என்று இன்று அழைக்கப்படும் அந்த அரபு ஊரின் ஒடுங்கிய தெரு நெடுக, நினைவுக்கு வாங்கிப்போகச் சின்னச் சின்னப் புட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிரான்சிஸ்கன் துறவியரின் கோவிலில் திருமண வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொள்ள வந்த தம்பதிகள் கைகோத்து நின்றார்கள். எங்கள் திருப்பயணக் குழுவிலிருந்தும் சில ஜோடிகள் வரிசையில் சேர்ந்தன. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்திருந்த அண்ணாச்சி மட்டும், "வீட்டுக்காரி ஊர்ல கெடக்கா, நான் யாருக்குத் தம்பி வாக்குக் குடுக்க?" என்று சொல்லிவிட்டு, கீழ்த்தளத்தில் வைத்திருக்கும் பழைய கல்ஜாடியைப் பார்க்க என்னோடு இறங்கி வந்தார்.

இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கியதாக நற்செய்தி சொல்லும் கானா இந்த ஊர்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. வடக்கே பள்ளத்தாக்கைத் தாண்டி இருக்கும் கிர்பெத் கானா என்ற மேடுதான் அது என்போர் பலர். ஆனால் கல்ஜாடியில் சந்தேகமில்லை. யூதச் சட்டப்படி மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது. அதனால் அந்தக் காலக் கலிலேயாவில் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து பாத்திரம் செய்யும் தொழில் இருந்தது. நாசரேத்துக்கும் கானாவுக்கும் அருகே ரெய்னா என்னுமிடத்தில் அப்படியொரு பட்டறையை அகழ்ந்தெடுத்து 2017இல் அறிவித்தார்கள். கடைந்தெறிந்த கல் உருளைகள் அங்கே குவிந்து கிடந்தனவாம்.

அண்ணாச்சி ஜாடியின் வாயை இரு கையாலும் அளந்து பார்த்தார். யோவான் தரும் அளவுப்படி ஒரு ஜாடி 80 முதல் 120 லிட்டர் வரை பிடிக்கும். ஆறு ஜாடி. குறைத்துப் பிடித்தாலும் 480 லிட்டர் வருகிறது. நம்மூர்க் குடத்தில் சுமந்தால் முப்பது நடைக்கு மேல். கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, ரசம் தீர்ந்துபோய் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நேரத்தில், யாரோ ஒரு விருந்தாளி சொன்னார் என்பதற்காகக் கைகால் கழுவும் ஜாடிகளில் முப்பது நடை தண்ணீர் சுமந்து ஊற்றிய பணியாளர்களைப் பற்றி நான் ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. யோவானுக்கு அவர்கள்மேல் ஒரு கண் இருந்திருக்கிறது. ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை, தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதவில்லை. பந்தி தொடர்ந்திருக்கும்; பரிமாறப் போயிருப்பார்கள்.

இந்த எண்ணம் தொற்றிக்கொண்ட பிறகு பயணம் முழுவதும் அதே கண்ணோடுதான் பார்த்தேன். புதுமை நடக்கிறது, நடுவில் இயேசு நிற்கிறார், எதிரே குணமானவர் நிற்கிறார். ஓரத்தில் யாரோ ஒருவருடைய கூரையோ வலையோ ஒருநாள் கூலியோ போகிறது. அந்த ஓரத்து ஆள் யார்?

கலிலேயக் கடல் கடல் அல்ல, நன்னீர் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 13. கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடக்கிறது. மேற்கிலிருந்து இறங்கும் சாலையின் வளைவில் முழு ஏரியும் ஒரே பார்வையில் தெரிந்ததும் அண்ணாச்சிக்கு ஏமாற்றம். "இதுக்கா கடல்னு பேரு?" அக்கரை தெரிகிற நீரை அவர் கடலென்று ஒப்புக்கொள்ளவே இல்லை. மாலையில் மேற்கு மேடுகளின் இடுக்கு வழியே காற்று இறங்கி, கண்ணாடிபோல் கிடந்த நீர் அரைமணி நேரத்தில் நுரைகட்டியதைப் பார்த்த பிறகு கொஞ்சம் மரியாதை வந்தது. "சின்னதுதான். ஆனா கோவக்காரச் சனியன்."

மேற்குக் கரையில் மகதலா. விருந்தினர் இல்லம் கட்ட நிலத்தைத் தோண்டியபோது 2009இல் முதல் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. அதன் நடுவே ஏழு கிளை விளக்குத்தண்டு செதுக்கிய கல் ஒன்று. எருசலேம் கோவில் இன்னும் இடிபடாமல் நின்ற காலத்தில் செதுக்கியது. பக்கத்திலேயே சந்தைத் தெரு, தொட்டிகள். மீனுக்கு உப்புப் போட்டு வெளியூருக்கு அனுப்பிப் பணம் பார்த்த ஊர் இது. அண்ணாச்சி தொட்டிகளின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கருவாட்டுக்குத் தண்ணீர் எப்படி வடிந்திருக்கும் என்று வாய்க்காலைத் தேடிக்கொண்டிருந்தார்.

மகதலா மரியாவுக்கு நடந்த அநியாயம் பெரிது. லூக்கா அவரை அறிமுகப்படுத்தும்போது சொல்வது, ஏழு பேய்கள் நீங்கப் பெற்றவர் என்பதும், யோவன்னா, சூசன்னா முதலான பெண்களோடு சேர்ந்து தம் சொந்த உடைமையைச் செலவிட்டு இயேசுவின் குழுவுக்குப் பணிவிடை செய்தார் என்பதும்தான். 591ஆம் ஆண்டு திருத்தந்தை முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில் அவரையும், பெயர் சொல்லப்படாத பாவியான பெண்ணையும் ஒருவராக்கிப் பேசினார். அது பதினான்கு நூற்றாண்டு ஒட்டிக்கொண்டது. 2016இல்தான் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய ஜூலை 22 நினைவுநாளைத் திருத்தூதர்களுக்கு உள்ளதுபோல் விழாவாக உயர்த்தினார். பன்னிரண்டு ஆண்கள் தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்தார்கள் என்றால் அவர்களுக்கு அரிசி பருப்பு யார் வாங்கிப் போட்டது என்ற கேள்விக்கு லூக்கா பெயர்களோடு பதில் வைத்திருக்கிறார். நாம்தான் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

இங்கே கரையோரம் எழுப்பியுள்ள கோவிலின் முன்கூடத்தில் எட்டுத் தூண்கள் நிற்கின்றன. ஏழில் நற்செய்தியில் வரும் பெண்களின் பெயர்கள். பேதுருவின் மாமியாருக்குக்கூட ஒரு தூண் உண்டு, செபதேயுவின் மனைவி சலோமிக்கும் உண்டு. எட்டாவதில் பெயரில்லை, எல்லாக் காலத்துப் பெண்களுக்குமானது. வேளாங்கண்ணியில் சின்ன லாட்ஜ் நடத்தும் அக்கா ஒருவர் எங்களோடு வந்திருந்தார். வெறும் தூணைச் சுற்றி வந்துவிட்டு, "பேர் போட இடம் பத்தாதுன்னு விட்டுட்டாங்க போல" என்றார்.

கொஞ்சம் வடக்கே கினோசார். 1986 ஜனவரியில், மழை பொய்த்து ஏரி உள்வாங்கிக் கிடந்தபோது, மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் ஒரு மரவிளிம்பைக் கண்டார்கள். இரவு பகலாகத் தோண்டியபோது முழுப் படகின் அடிப்பகுதி கிடைத்தது. காற்றுப் பட்டால் பொடியாகிவிடும் என்பதால் நுரைப் பொருளால் போர்த்தி, ஏரியிலேயே மிதக்கவிட்டு இழுத்து வந்து, பல ஆண்டுகள் செயற்கை மெழுகில் ஊறவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 8.27 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். இயேசுவின் படகு என்று நினைவுப்பொருள் கடைகள் பெயர் வைத்துவிட்டன. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. காலம் பொருந்துகிறது, அவ்வளவே.

குளிரூட்டிய அறையில், உலோகத் தாங்கிகளின் மேல் ஒரு பெரிய மீனின் முள்ளெலும்பு போல அது கிடந்தது. எல்லோரும் படம் எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அண்ணாச்சி நகரவில்லை. பலகைகள் பெரும்பாலும் கேதுரு, விலாக்கட்டைகள் கருவாலி. இடையிடையே இலந்தை, காட்டத்தி, அலரி என்று மொத்தம் பன்னிரண்டு வகை மரம். வேறு படகிலிருந்து பிரித்த பலகையைக் கொண்டுவந்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். கோணல் கட்டையைக் கோணலாகவே பொருத்தியிருக்கிறார்கள். கடைசியில் இனி ஒட்டவே முடியாது என்றானதும், பயன்படும் உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை நீரில் தள்ளிவிட்டார்கள்.

"காசில்லாதவன் வள்ளம் தம்பி இது" என்றார் அண்ணாச்சி. "ஆனா தச்சன் கெட்டிக்காரன். இருக்கிற கட்டைய வெச்சு ஓட்டிருக்கான் பாருங்க."

எனக்கு அங்கேதான் செபதேயு நினைவுக்கு வந்தார். யாக்கோபும் யோவானும் அழைப்பைக் கேட்டு, தந்தையைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனார்கள் என்கிறார் மாற்கு. ஞாயிறு தோறும் நமக்குச் சொல்லப்படுவது அந்த மகன்களைப் போல் ஆக வேண்டும் என்பது. வலையை விடு, எழுந்து போ. கேட்டுவிட்டுத் திங்கள் காலை நாம் போகும் இடம் அதே படகு, அதே கடை, அதே அலுவலகம். மகன்களின் வழியில் போகிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர். மற்ற எல்லோரும் செபதேயுக்கள். அந்த மனிதர் நற்செய்தி நான்கிலும் வாய் திறப்பதில்லை. கொஞ்ச நாளில் மனைவியும் மகன்களின் பின்னே போய்விட்டார். சிலுவையைத் தொலைவிலிருந்து பார்த்த கலிலேயப் பெண்களில் செபதேயு மக்களின் தாயையும் மத்தேயு சேர்க்கிறார். வீட்டில் கிழவர் மட்டும்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவருடைய கணக்கு வேறாக இருந்தது. அவர்கள் ஊரில் பிடிபட்ட மீனின் பணத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. "அவரு வள்ளத்துல ஏறி ஒக்காந்து பிரசங்கம் பண்ணுதாரு. சரி. அக்கரைக்குக் கொண்டு விடுங்கன்னுதாரு. சரி. அன்னைக்குத் தொழில் கெடையாதுல்லா? வள்ளப் பங்கு யாரு குடுப்பா?" மாற்குவைப் புரட்டினால் படகு திரும்பத் திரும்ப வருகிறது. கூட்டம் நெருக்கும்போது தயாராக ஒரு படகு வைத்திருக்கச் சொல்கிறார் இயேசு. அதிலிருந்தே உவமை சொல்கிறார். அதிலேயே தலையணை வைத்துத் தூங்குகிறார். யாருடைய படகு என்று மாற்கு சொல்வதில்லை.

யோவானின் கடைசி அதிகாரத்தில், கலிலேயாவுக்குத் திரும்பிய பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்கிறார். செபதேயுவின் மக்கள் உட்பட மற்றவர்களும் கூடப் போகிறார்கள். ஒரு படகு அங்கே இருக்கிறது. வலையும் இருக்கிறது, 153 பெரிய மீன் விழுந்தும் கிழியாத வலை. மரப்படகைக் கவனிக்காமல் போட்டால் வெயிலில் விரிந்து பிளந்துபோகும். நார் வலையை அன்றன்று அலசி உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். நைலான் வருமுன் தன் அப்பா நூல் வலையோடு பட்ட பாட்டை அண்ணாச்சி அன்று பாதிவழி சொல்லிக்கொண்டு வந்தார். மகன்கள் ஊர் சுற்றிய காலம் முழுவதும் யாரோ ஒருவர் அந்தப் படகுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார், வலையை முடிந்து வைத்திருக்கிறார். அது செபதேயுதான் என்பது என் ஊகம். வேதபாடத்தில் அதற்குச் சான்று இல்லை, மறுப்பும் இல்லை.

தாப்காவில் அப்பம் பலுகிய கோவில். ஐந்தாம் நூற்றாண்டுக் கற்பதிகைத் தரையில் கூடையும் இருபுறமும் இரண்டு மீனும். கூடையில் தெரிவது நான்கு அப்பம்தான். ஐந்தாவது பீடத்தின்மேல் இருப்பது என்று வழிகாட்டிகள் விளக்குவார்கள். மற்றத் தரையெல்லாம் தாமரையும் நாரையும் நைல் நதியின் நீர்மட்டம் அளக்கும் கோபுரமும். கைவேலைக்காரர் எகிப்தைப் பார்த்தவராக இருக்க வேண்டும். வாற்கோதுமை அப்பம் கொண்டுவந்த சிறுவனின் தாயைப் பற்றி இப்போதெல்லாம் நிறையப் பிரசங்கம் வந்துவிட்டதால் அவரை விட்டுவிடுகிறேன். மேலே மலைப்பொழிவுக் கோவில், 1930களில் பர்லூசி என்ற இத்தாலியர் கட்டியது. எண்கோணம், தோட்டம், பேருந்துகள். நல்ல நிழல்.

கப்பர்நாகும் கறுப்பு. எரிமலைக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய வீட்டுச் சுவர்கள் இடுப்புயரத்துக்கு மிஞ்சி நிற்கின்றன. பொது முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், முற்றத்தில் அடுப்பு. அந்தக் கறுப்பின் நடுவே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தொழுகைக்கூடம் எழுந்து நிற்கிறது. அது நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளுடையது. தெருவின் மறுபக்கம், 1968 முதல் கோர்போ, லோஃப்ரெடா என்ற பிரான்சிஸ்கன் அகழாய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த பேதுருவின் வீடு. ஒரு சாதாரண மீனவ வீடு; அதில் ஓர் அறைக்கு மட்டும் ஏதோ காரணத்தால் திரும்பத் திரும்பச் சுண்ணம் பூசியிருக்கிறார்கள், பூச்சில் வழிபாட்டாளர்கள் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் அதன்மேல் எண்கோணக் கோவில் வந்தது. 1990இல் அதற்கும் மேலே, எட்டுத் தூண் கால்களில், நடுவில் கண்ணாடித் தரையோடு ஒரு புதுக்கோவிலை நிறுத்தியிருக்கிறார்கள். வானிலிருந்து இறங்கிய பறக்கும் தட்டு என்று கேலி செய்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால் வீடு நன்றாகத் தெரிகிறது.

அந்த வீட்டின் சில நாள்களை மாற்குவில் படித்துப் பாருங்கள். மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார், காய்ச்சல் விடுகிறது, அவர் எழுந்து பணிவிடை செய்கிறார். ("காய்ச்சல் விட்ட கையோட அடுப்படிக்கா?" என்று லாட்ஜ் அக்கா கேட்டதற்கு, எங்களோடு வந்த சாமியார் பதில் சொல்லாமல் சிரித்தார்.) அன்று மாலையே ஊர் முழுக்க வாசலில் கூடிவிடுகிறது. சில நாள் கழித்து மறுபடி கூட்டம், வாசலில்கூட இடமில்லை. முடக்குவாதக்காரரைத் தூக்கி வந்த நால்வர் கூரையேறி, அதை உடைத்துத் திறந்து, படுக்கையை இறக்குகிறார்கள். லூக்கா ஓட்டைப் பிரித்தார்கள் என்று எழுதுகிறார். ஓட்டு வீட்டு நகரவாசிகளுக்கு எழுதியவர் அவர். இந்தக் கறுப்புச் சுவர்கள் தாங்குகிற கூரை மாற்கு சொல்வதுபோலத்தான் இருந்திருக்கும்: குறுக்கே கட்டை, மேலே சுள்ளியும் வைக்கோலும், அதன்மேல் மிதித்து இறுக்கிய மண். அதைத் தோண்டினால் கீழே உட்கார்ந்திருந்த எல்லோர் தலையிலும் மண் கொட்டியிருக்கும்.

நால்வரின் நம்பிக்கையைக் கண்டு இயேசு பாவங்களை மன்னித்தார். மறைநூல் அறிஞர்கள் முணுமுணுத்தார்கள். குணமானவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். எல்லோரும் கடவுளைப் புகழ்ந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஒரு ஆள் உயரத்துக்கு வானம் தெரிகிற வீடு மட்டும் மிச்சம். மழைக்கு முன் யார் மண் குழைத்தார்கள்? பங்கில் திருவிழா முடிந்த மறுநாள் பெஞ்சுகளை உள்ளே தூக்கிப் போடுகிறவர்களையும், சாப்பாட்டு அண்டாவைத் தேய்க்கிறவர்களையும் எனக்குத் தெரியும். கூட்டு மன்றாட்டில் அவர்கள் பெயர் வராது. பல நேரம் திருப்பலிக்கே வந்திருக்க மாட்டார்கள், அண்டா அடுப்பில் இருந்திருக்கும்.

ஏரியைச் சுற்றிக் கிழக்குக் கரைக்கு வந்தால் கூட்டம் சட்டென்று வற்றிவிடுகிறது. கோலான் மேடுகளின் காலடியில் கூர்சி. 1970 வாக்கில் சாலை போட மண்ணைத் தள்ளிய இயந்திரம் பைசாந்தியக் காலத்துப் பெரிய துறவு மடம் ஒன்றில் இடித்தது. கோவிலின் தூண்கள், கற்பதிகைத் தரை, துறவிகள் எண்ணெய் ஆட்டிய செக்கு. பின்னால் செங்குத்துச் சரிவு. பேய்பிடித்தவரை இயேசு குணமாக்கியதும் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் பாய்ந்து ஏரியில் மூழ்கிய இடம் இதுவென்பது மரபு.

பன்றி மேய்த்தவர்கள் ஓடிப்போய் ஊரில் சொன்னார்கள். ஊர் வந்து பார்த்தது. நேற்றுவரை கல்லறைகளில் கத்திக்கொண்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு திரிந்தவர் உடையுடுத்தித் தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருந்தார். ஊராருக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம் வந்தது. தயவுசெய்து எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று இயேசுவைக் கேட்டுக்கொண்டார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் படகேறிவிட்டார். இரண்டாயிரம் பன்றி என்பது யாரோ பலருடைய முதல். அதை மறந்துவிட்டு ஊராரைத் திட்டுவது எளிது.

இதில் என்னை நிறுத்திய இடம் வேறு. குணமானவர் படகில் தானும் வருகிறேன் என்று கெஞ்சுகிறார். கப்பர்நாகும் சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த லேவி கேட்காமலே அழைக்கப்பட்டார். இவர் கேட்கிறார், கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போ, உன் உறவினரிடம் போய்ச் சொல் என்று இயேசு திருப்பி அனுப்புகிறார். எந்த வீடு? தன்னைச் சங்கிலியால் கட்டிய கைகள் இருக்கும் தெரு. இனி பன்றிக்காரர்களின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். இவனால்தான் நமக்கு நஷ்டம் என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அவருக்கு அப்பமில்லை, பன்னிரு இருக்கை இல்லை, உருமாற்ற மலை இல்லை. அவருக்குக் கிடைத்தது ஊர். இயேசுவின் பின்னே நடப்பதைவிட இது கடினமான அழைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. குடிநோயிலிருந்து மீண்டு அதே தெருவில் அதே மதுக்கடையைத் தாண்டி வேலைக்குப் போகிற ஒருவரைக் கேட்டால் நன்றாக விளக்குவார். அந்த ஆள் தெக்கப்பொலி நாடு முழுக்கச் சொல்லித் திரிந்தார், எல்லோரும் வியந்தார்கள் என்பதோடு மாற்கு முடிக்கிறார்.

ஏன்கெவில் மதியச் சாப்பாடு, "புனித பேதுருவின் மீன்." தட்டில் முழு மீன் வறுத்து வந்தது. அண்ணாச்சி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஜிலேபி! இத எங்க ஊர்ல கொளத்துல புடிச்சு..." மேலே சொல்லாமல் தின்றார். அதே குடும்பம்தான், கலிலேயாவில் அரபியில் முஷ்த் என்பார்கள். கோவில் வரிக்காகப் பேதுரு தூண்டில் போட்டுப் பிடித்த மீனின் வாயில் காசு இருந்தது என்ற மத்தேயுவின் கதையோடு இதை ஒட்டிவிட்டார்கள். ஆனால் முஷ்த் நுண்ணுயிர்ப் பாசியைத் தின்பது, தூண்டிலுக்கு வராது. இதே ஏன்கெவ் கூட்டுப்பண்ணையில் வாழ்ந்து, இந்த ஏரியின் பழைய நங்கூரங்களையும் வலைக்கற்களையும் சேகரித்த மெண்டல் நூன் என்ற மீனவ ஆய்வாளர், பேதுரு பிடித்தது மீசையுள்ள வேறொரு கெண்டை இனமாகத்தான் இருக்கும் என்றார். அண்ணாச்சி அதை உடனே ஏற்றுக்கொண்டார். பேதுருவை ஜிலேபி பிடிக்கிற ஆளாக நினைக்க அவருக்கு மனமில்லை.

பிறகு யோர்தான் பள்ளத்தாக்கு வழியே தெற்கே. எரிக்கோவில் சக்கேயு ஏறியதாகக் காட்டும் காட்டத்தி மரம், அதைச் சுற்றிய வேலி, பேரீச்சம்பழக் கடைகள். அங்கிருந்து எருசலேமுக்கு ஏறும் பாலைச் சாலை முப்பது கிலோமீட்டருக்குள் சுமார் ஆயிரம் மீட்டர் ஏறுகிறது. இருபுறமும் மொட்டைக் குன்றுகள், இடையிடையே தகரக் கொட்டகைகளில் பெதுயீன் மக்கள். வழியில் நல்ல சமாரியர் சத்திரம் என்று ஒரு பழைய ஒட்டோமான் கட்டடம், இப்போது கற்பதிகைகளின் அருங்காட்சியகம். சமாரியர் தொழுகைக்கூடங்களின் தரைகளையும் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கெரிசிம் மலையிலும் டெல் அவிவுக்கு அருகிலுமாக இன்றும் சமாரியர்கள் இருக்கிறார்கள், மொத்தம் ஆயிரம் பேர்கூட இல்லை.

உவமைக்குச் சத்திரம் தேவையா என்று சாமியார் சிரித்தார். இயேசு சொன்ன கதைக்குக் கட்டடச் சான்று தேடுவது வேடிக்கைதான். ஆனால் அக்கா அதை மிகவும் கவனமாகச் சுற்றிப் பார்த்தார். கிணறு எங்கே, கழுதையை எங்கே கட்டுவார்கள், எத்தனை அறை.

"அந்தச் சமாரியன் மறுநாளே கெளம்பிட்டான்ல சாமி?"

"ஆமா. ரெண்டு தெனாரியம் குடுத்துட்டு, மேல செலவானா திரும்பி வரும்போது தர்றேன்னு சொல்லிட்டுப் போனார்."

ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. திராட்சைத் தோட்ட உவமையில் அந்தக் கணக்கு இருக்கிறது. அக்கா யோசித்தார். "ரெண்டு நாள் கூலி. ஆள் யாருன்னு தெரியாது, மேல துணி இல்ல, அரை உசுரு. எங்க லாட்ஜுல இப்படி வந்தா ஆதார் கார்டு கேப்பேன். இல்லன்னா போலீசுக்குச் சொல்லுவேன். ராத்திரில செத்துட்டா யாரு பதில் சொல்றது? சமாரியன் எண்ணெய் ஊத்துனான், கட்டுப் போட்டான், சரி. மறுநாள்லேர்ந்து கட்டு மாத்துனது யாரு?"

"சத்திரக்காரர்."

"அவன் திரும்பி வந்து மிச்சத்தக் குடுத்தானா?"

லூக்கா அதை எழுதவில்லை என்றார் சாமியார். அக்கா விடவில்லை. தன் லாட்ஜில் நோயாளியைக் கூட்டி வந்து மாதாவிடம் வேண்டிக்கொண்டு நாள்கணக்கில் தங்கிவிட்டு, ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர்களின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். சிலர் அனுப்பியிருக்கிறார்கள். பலர் அனுப்பவில்லை. அதற்காக அடுத்து வருகிறவரிடம் கதவைச் சாத்த முடிகிறதா என்று அவர் கேட்டது எங்களிடமா, சாமியாரிடமா என்று தெரியவில்லை. பேருந்து எருசலேமை நோக்கி ஏறத் தொடங்கியபோது, இரண்டு தெனாரியத்துக்கு எத்தனை வேளை கஞ்சி ஊற்றலாம், மருந்துச் செலவு அதில் சேருமா சேராதா என்று அண்ணாச்சியும் அக்காவும் பின் இருக்கையில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சி நான்கு நாள் ஓடும் என்றார். மூன்று நாள்கூடத் தாங்காது என்றார் அக்கா.